ஜெயவேலு வாத்தியார் படத்திறப்பு

உக்காரும்மா, உக்காரு. பையை மடியில வெச்சுக்க, கீழ வெச்சா அந்த டிரைவர் போடற பிரேக்குல முன்னால ஓடிடும். இது புங்கனேரி போற பஸ்தானே? போர்டைப் பாத்துதானே ஏறினே? நல்லது. நான் கேட்டுக் கேட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் பையன் "ஏறு பெருசு"ன்னான். பெருசாம். அவன் அப்பனுக்கு நான் திருக்குறள் நடத்தியிருப்பேன்.

எனக்குக் கண்ணு போயிடுச்சும்மா. சுத்தமாப் போகல. ஓரத்துல இருக்கிறதெல்லாம் தெரியுது. நேரா எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு கருப்பு வட்டம் வந்து நிக்குது. உன் முந்தானைக் கரை தெரியுது, காதுல கம்மல் தெரியுது, மூஞ்சி தெரியல. வயசாயிட்டா அப்படித்தான், கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லன்னு டாக்டர் கையை விரிச்சுட்டான். எம்பத்தஞ்சு வயசு வரைக்கும் தமிழ் படிச்ச கண்ணு. ஊருக்கே படிச்சுச் சொன்ன கண்ணு.

எங்க போறேன்னா கேக்கறே? படத்திறப்புக்கு. ஜெயவேலு வாத்தியார்னு ஒருத்தன், எம்பத்தேழு வயசு, செத்து இன்னியோட பதினாறு நாள். போஸ்டர் பாத்திருப்பியே, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுலயே ஒட்டியிருக்கானாம். என் பேரன் படிச்சுச் சொன்னான். "போர்முனை கண்ட மாவீரர், ஆயிரம் பேருக்கு எழுத்தறிவித்த ஆசான், அன்பின் உறைவிடமான குடும்பத் தலைவர்." எழுதினவன் எவனோ அச்சாபீஸ்காரன். ஒருத்தன் செத்துட்டாப் போதும், அகராதியைக் கவுத்துக் கொட்டிடறானுங்க.

மாவீரராம். மிலிட்டரி சிக்னல் பிரிவுல கம்பி இழுத்தவன்மா அவன். டெலிபோன் ஒயர் உருளையை முதுகுல கட்டிக்கிட்டு மலை ஏறி இறங்கின ஆளு. அதுக்கு மாவீரர்னா எங்க ஊர் கரண்ட் லைன்மேனுக்கும் வீர் சக்ரா குடுக்கலாம். சீனாக்காரன் சண்டையில இடது கால் விரல் ரெண்டு போச்சு. குண்டடிபட்டுப் போயிருந்தாலாவது சொல்லிக்கலாம். பனியில கருகிப் போச்சாம். அதுக்கும் ஊர்ல என்ன மரியாதைங்கிறே? அவன் விந்தி விந்தி நடந்தா சின்னப் பசங்க ஓரமா ஒதுங்கி நிப்பானுங்க. எனக்கும்தான் மூட்டு வலி.

எங்க ஊரு பட்டாளத்துக்காரன் ஊரும்மா. வீட்டுக்கு ஒருத்தன் மிலிட்டரி. ஆம்பளைங்க பூரா எல்லையில, பொம்பளைங்க பூரா வயல்ல. அப்ப அந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் யாருங்கிறே? போஸ்ட்மேன், அவன் பக்கத்து ஊரு, சைக்கிள்ல வந்து கடுதாசியைக் குடுத்துட்டுப் பறந்துடுவான். அப்புறம் நான். நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியர் மாசிலாமணி. தமிழய்யான்னுதான் கூப்பிடுவாங்க, பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தனுக்கும் நாக்கு எழாது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டா எங்க வீட்டு வாசல்ல பத்துப் பொம்பளைங்க கடுதாசியை இடுப்புல சொருகிக்கிட்டு நிப்பாங்க. முருங்கைக்காய் கொண்டாருவா ஒருத்தி, சுரைக்காய் கொண்டாருவா ஒருத்தி. நான் ஒண்ணும் கேட்டதில்ல. படிச்சுச் சொல்லுவேன், பதில் எழுதிக் குடுப்பேன். அது ஒரு தர்மம்.

அதுல ஒருத்திதான் அஞ்சலாட்சி. இவன் பொண்டாட்டி. கல்யாணமாயி நாப்பது நாள்ல இவன் லீவு முடிஞ்சு போயிட்டான். பதினேழு வயசுப் பொண்ணு. மாமியார்காரியும் கூடவே வந்து உக்காந்துக்குவா. "இன்னா சாமி எழுதிக்கிறான் எம்புள்ள?"ன்னு வெத்தலையை இடிச்சுக்கிட்டே கேப்பா.

இன்னா எழுதினான்? அதைச் சொல்லவே கூசுதும்மா. "என் உயிரான அஞ்சலைக்கு"ன்னு ஆரம்பிப்பான். பொண்டாட்டியை எவனாவது உயிருங்கிறானா? அதுவும் போஸ்டாபீஸ், மிலிட்டரி சென்சாரு, அத்தனை பேர் கையும் பட்டு வர்ற கடுதாசியில. "ராத்திரி குளிர்ல தூக்கம் வரல, உன் தலைமுடி வாசனையை நெனச்சுக்கிட்டே கண்ணை மூடறேன். லீவுல வந்தா உன்னைத் திண்டாட விடமாட்டேன், நானே எண்ணெய் வெச்சுப் பின்னி விடுவேன்." ஒத்தை சந்தி கிடையாது, ஒரு நிறுத்தக்குறி கிடையாது, ஆட்டுப்புழுக்கை மாதிரி கையெழுத்து. இதை நான் மாமியாரை எதுக்க வெச்சுக்கிட்டு எப்படிம்மா படிப்பேன்? நீயே சொல்லு.

அதனால கொஞ்சம் திருத்திப் படிப்பேன். அவ்வளவுதான். "அன்புள்ள மனைவிக்கு ஆசிகள். இங்கு நலம். குளிர் அதிகம். நீ என் தாய் சொற்படி நடந்து, வயல் வேலைகளைக் கவனிக்கவும்." மாமியார் தலையை ஆட்டுவா. "எம்புள்ள எப்பவுமே பொறுப்பு சாமி"ம்பா. அந்தப் பொண்ணு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் காகிதத்தை மடிச்சதும், "அவ்ளோதானா ஐயா?"ன்னு கேக்கும். ஒவ்வொரு தடவையும் கேக்கும். "அவ்ளோதாம்மா"ம்பேன். நாலு பக்கக் கடுதாசி.

ஏன் அப்படிப் பாக்கறே? நீ பாக்கறது எனக்குத் தெரியும். தோள் திரும்புதில்ல.

இந்தக் காலம் வேற, அந்தக் காலம் வேற. அந்தப் பொண்ணு சொல்றதையும் அப்படியே எழுதிட முடியுமா? "பசுமாடு கன்னு போட்டிருக்குது, நெத்தியில வெள்ளை, நீங்க வர்றதுக்குள்ள பால் மறந்துடும்"னு சொல்லும். நான் "கால்நடைகள் நலம்"னு எழுதுவேன். நாலு பேர் பாக்கற கடுதாசி ஒரு தரமா இருக்க வேணாமா? பத்து வருசம் ரெண்டு பேருக்கும் நடுவுல நல்ல தமிழ் ஓடிச்சுன்னா அது என்னால. அந்தக் கழுதைக்கு இந்தக் கற்பூர வாசனை தெரியல.

அறுபத்தஞ்சுல பாகிஸ்தான் சண்டை. இவன் பஞ்சாப்ல எங்கயோ இருக்கான். மூத்த பொண்ணு, ஒம்பது மாசக் குழந்தை, காய்ச்சல்ல போயிடுச்சு. அஞ்சலாட்சி வந்து உக்காந்துச்சு. அழல. "எழுதுங்க ஐயா. அவரு போன லீவுல வாங்கியாந்த கொலுசு, அதைக் கழட்டல, கால்லயே போட்டுத்தான் அனுப்பினேன்னு எழுதுங்க"ன்னு சொல்லுச்சு. மாமியாருக்கு அதுல வேற கோவம். வெள்ளிக் கொலுசை மண்ணுல போட்டுட்டாளேன்னு திட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. நான் என்ன எழுதினேன்? "குழந்தை சுரத்தினால் இறைவனடி சேர்ந்தது. வருந்தற்க. கடமையே கண்ணாக இருக்கவும்." சண்டையில நிக்கிறவனுக்குக் கொலுசு, கால்னு எழுதி மனசைக் கலைக்கிறதா? யோசிச்சுத்தாம்மா செஞ்சேன். தேசம்னு ஒண்ணு இருக்கில்ல.

ஒன்றரை மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. ஆறு பக்கம். மை எல்லாம் ஊறி ஊறி இருக்கு. ஒரு ஆம்பளை, யூனிஃபார்ம் போட்டவன், இப்படியா அழுவான்? எனக்கு வாந்தி வராத குறை. "அந்தக் கொலுசை என்ன பண்ணினே அஞ்சலை? அவ கால்லயே விட்டியா, கழட்டிட்டியா? விட்டிருந்தா நல்லது. கழட்டியிருந்தா ஒத்தைக் கொலுசை எனக்கு அனுப்பு, சட்டைப் பையில வெச்சுக்கறேன்"னு எழுதியிருந்தான். மாமியார் உக்காந்திருக்கா. நான் அதைப் படிச்சா அந்தக் கிழவி மறுபடியும் கொலுசுக்கு ஆடுவா. நான் மடிச்சுட்டேன். "எல்லாம் விதி. அழாதே. வேலையைப் பார்"னு எழுதியிருக்கான்னு சொன்னேன்.

"அவ்ளோதானா ஐயா?"

"அவ்ளோதாம்மா."

அடுத்த லீவுல வந்தப்ப அவ அவன் முகத்தையே பாக்கலயாம். சோறு வைப்பாளாம், திரும்பிக்குவாளாம். ஊரே பேசிச்சு. எனக்கென்ன தெரியும்? நான் வீட்டு விவகாரத்துல தலையிடற ஆளில்ல.

கேளு, கதை இனிமேதான் இருக்கு. எழுபத்திரெண்டுல பட்டாளத்தை விட்டு வந்தான். வந்தவன் பென்ஷனை வாங்கிட்டு மத்தவனுங்க மாதிரி காலை நீட்டிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதானே? மிலிட்டரியில ஏதோ பரீட்சை பாஸ் பண்ணியிருந்தானாம், முப்பத்தஞ்சு வயசுல டீச்சர் ட்ரெயினிங் போனான். பட்டாளத்தான் கோட்டாவுல எங்க பள்ளிக்கூடத்துக்கே வந்து சேந்தான், மூணாம் வகுப்புக்கு. யாருங்கிறே? ஆட்டுப்புழுக்கைக் கையெழுத்து. நான் இலக்கணம் நடத்தற வகுப்புக்குப் பக்கத்து வகுப்புல இவன் "அ அம்மா, ஆ ஆடு"ன்னு அணிவகுப்பு மாதிரி கத்த வெப்பான்.

அதுக்கு முன்னாலயே வீட்டுல ஒரு கூத்து நடந்துக்கிட்டிருந்துச்சு. பொண்டாட்டிக்குச் சிலேட்டு வாங்கிக் குடுத்து எழுத்துக் கத்துக் குடுக்கிறான். மூணு புள்ள பெத்தவளுக்கு. வாசல்ல உக்காந்து, அவ கையைப் புடிச்சு. ஊரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். முதல் பாடம் என்ன தெரியுமா? எங்க பக்கம் பொம்பளைங்க புருசன் பேரைச் சொல்லமாட்டாங்கல்ல? அதுக்கு இவன், "வாயாலதானே சொல்லக் கூடாது, கையால எழுதலாம்ல"ன்னு அவன் பேரையே எழுத வெச்சிருக்கான். ஜெயவேலு. அ, ஆ கூடக் கிடையாது, நேரா ஜெ. ஒரு பண்டிதன் பாத்தா நெஞ்சு வெடிச்சுச் சாவான்.

ஒன்றரை வருசத்துல அவ படிக்கக் கத்துக்கிட்டா. டிரங்குப் பெட்டியில கடுதாசி பூரா அடுக்கி வெச்சிருந்தாளே. அதை எடுத்துட்டா.

ஒரு நாள் ரெண்டாவது பீரியடு. நான் ஏழாம் வகுப்புக்கு வேற்றுமை உருபு நடத்திக்கிட்டிருக்கேன். வாசப்படியில வந்து நிக்கிறா. கையில அந்த ஆறு பக்கம். உள்ள வரல. செருப்பை வெளிய விட்டுட்டுப் படியில நின்னுக்கிட்டே கேக்கறா, "அவரு கொலுசைக் கேட்டிருக்காரே ஐயா. ஏன் சொல்லல?"

நாப்பது பசங்க பாக்கறானுங்க. நான் என்ன சொல்றது? "உன் நல்லதுக்குத்தாம்மா"ன்னேன். அவ மறுபடியும் அதையே கேட்டா. "ஏன் ஐயா சொல்லல?" குரலை ஒசத்தக்கூட இல்ல. சத்தம் போட்டிருந்தா ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு வெளிய அனுப்பியிருப்பேன். பக்கத்து வகுப்புலேருந்து இவன் விந்தி விந்தி வந்தான். சரி, இப்ப அடிக்கப் போறான்னு நெனச்சேன். சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு நின்னேன். அவன் அந்தக் காகிதத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். "வா அஞ்சலை, போலாம்"னான். சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மத்தியானம் வந்து மூணாம் வகுப்பை நடத்தினான்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் ரிட்டயர் ஆகற வரைக்கும் இருபது வருசம். தினம் காலையில ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வருவான். "வணக்கம் ஐயா"ம்பான். கையெழுத்துப் போடுவான், போயிடுவான். வேற ஒரு வார்த்தை கிடையாது. ஒரு திட்டு கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. இருபது வருசம் "வணக்கம் ஐயா". இதைவிட ஒரு மனுசனை அவமானப்படுத்த முடியுமாம்மா? சண்டைன்னா ஒரு நாள், சமாதானம்னா ஒரு நாள். இவன் ரெண்டும் குடுக்கல. கல்நெஞ்சக்காரன். இவனைப் போய் அன்பின் உறைவிடங்கிறானுங்க.

பழி மட்டும் வாங்கினான், வேற விதத்துல. சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ்ல பெட்ரோமாக்ஸ் ஏத்தி, ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான். புத்தகம் கிடையாது. "உங்க வீட்டுப் பெட்டியில கடுதாசி இருக்கில்ல, அதை எடுத்துட்டு வாங்க"ன்னானாம். ஒவ்வொருத்தியும் அவ அவ புருசன் பேரை எழுதிப் பழகி, அவ அவ கடுதாசியை அவளே படிச்சுக்கிட்டா. அந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போனா அழுகைச் சத்தம் கேக்கும், சிரிப்புச் சத்தம் கேக்கும். பள்ளிக்கூடமா அது? ரெண்டு வருசத்துல என் வீட்டு வாசல் காலி. முருங்கைக்காயை விடு, சந்தைக்குப் போனா காய்க் கடையில ஒருத்திகூட என்னை நிமிந்து பாக்கல.

ஆமாம்மா, மத்தவங்க கடுதாசியையும் அப்படித்தான் படிச்சேன். எல்லாரும் ஒரே மாதிரிதான எழுதறானுங்க.

அவன் கடைசிக் காலத்துல பண்ணினதைக் கேளு. அஞ்சலாட்சிக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு படுத்துட்டா, நாலஞ்சு வருசம் இருக்கும். புள்ள மெட்ராஸ்ல, பொண்ணு ஓசூர்ல, ரெண்டும் கூப்பிடுது. போகல இவன். இவனே சமைச்சு, இவனே குளிப்பாட்டி. காலையில அவளை வாசல்ல நாற்காலியில உக்கார வெச்சு, பின்னால நின்னு தலைக்கு எண்ணெய் வெச்சுப் பின்னி விடுவான். எம்பது வயசுக் கிழவன். தெரு பாக்குது, பால்காரன் பாக்கறான். நானும் ஒரு நாள் ஊருக்குப் போனப்ப பாத்தேன். அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. அவ கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்குப் பாக்கச் சகிக்கல, வேற சந்து வழியா வந்துட்டேன். என் வீட்டுக்காரி போய்ச் சேந்து இருபது வருசமாச்சு, அவ தலைக்கு எண்ணெய் எந்தக் கடையில வாங்குவாள்னு கூட எனக்குத் தெரியாது. ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும்.

இன்னிக்கு நான் பேசணும். அதுக்குத்தான் இந்த வெயில்ல காட்பாடியிலேருந்து ரெண்டு பஸ் மாறிப் போறேன். பத்திரிகையில பேசறவங்க பேர் போட்டிருக்கான். முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர், கவுன்சிலர், பழைய மாணவர் ரெண்டு பேர். என் பேர் இல்ல. அந்தக் குடும்பத்துக் கடுதாசி பூரா என் கை வழியாப் போச்சு, என் பேர் இல்ல. பரவாயில்ல, இருக்கிறவங்கள்ல நான்தான் மூத்தவன், போய் நின்னா மைக்கைக் குடுத்துத்தான் ஆகணும். பேச்சு மனசுல தயாரா இருக்கு. நடந்ததை ஊருக்கு நடுவுல நான் விளக்கிச் சொல்லணும். நான் நல்லது நெனச்சுத்தான் பண்ணினேன்னு அஞ்சலாட்சி காதுல விழணும். எனக்கு இதுதாம்மா கடைசி மேடை. இதுலயும் பேசலன்னா அந்தக் கேள்வி அப்படியே நிக்கும்.

இரு. உனக்கு எத்தனாவது ஸ்டாப்பு? அப்ப நேரம் இருக்கு.

பத்திரிகையோட ஒரு கடுதாசி வந்துச்சு. அஞ்சலாட்சியே எழுதினது. இந்தா, சட்டைப் பையில இருக்கு. நாலு நாளா இருக்கு. மருமக "படிக்கட்டுமா மாமா"ன்னா, வேணாம்னுட்டேன். பேரன் கேட்டான், வேணாம்னுட்டேன். வீட்டுல இருக்கிறவங்க வாயில அது வரவேணாம். நீ முன்னப்பின்னத் தெரியாதவ. படி. மெதுவாப் படி. ஒரு வரியும் விடாமப் படி.

"தமிழய்யா அவர்களுக்கு அஞ்சலாட்சி எழுதிக்கொண்டது. அவர் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்திருக்கிறோம். உங்களுக்கும் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். முடிந்தால் வாருங்கள். அவர் உங்களைப் பற்றி ஒரு நாளும் தப்பாகப் பேசியதில்லை. வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இப்படிக்கு அஞ்சலாட்சி."

அவ்ளோதானா?

அவ்ளோதாங்கிறே. இல்லம்மா. "போங்கள்"னு சொல்லிட்டு ஒரு மூச்சு எடுத்தே. உன் தலை கீழ போயிட்டு மேல வந்துச்சு. அப்புறந்தான் "இப்படிக்கு" வந்துச்சு. நேராப் பாத்தாத்தான் எனக்குத் தெரியாது, ஓரத்துல நல்லாத் தெரியும். பத்து வருசம் இதே வேலை பாத்தவன்மா நான். நடுவுல விட்டா எப்படி மூச்சு வரும்னு எனக்குத் தெரியும். பாவம்னு பாக்காதே. கெழவன் மனசு நோகும்னு பாக்காதே. என் நல்லதுக்குன்னு நீ முடிவு பண்ணாதே. படி.

"மேடை ஏற வேண்டாம். அவரைப் பற்றிப் பத்து வருஷம் உங்கள் வாயால் கேட்டாகிவிட்டது. அது போதும்."

ம்.

இன்னொரு தரம் படி.

ம். போதும். மடிச்சுக் குடு.

கையெழுத்து எப்படி இருக்கு? குண்டு குண்டாவா? ஆட்டுப்புழுக்கை மாதிரி இல்லையே? தெளிவா இருக்கா. இருக்கும்.

புங்கனேரி வந்துடுச்சா? கண்டக்டர், விசில் அடிச்சுடாதேப்பா, பெருசு இறங்கணும். கையைக் கொஞ்சம் புடிச்சுக்கம்மா, படி தெரியாது. பேச வேணாம்னுதானே எழுதியிருக்கா. உக்காரலாம், சாப்பிடலாம். எங்க, இறங்கறதுக்கு முன்னால இன்னொரு தரம் பாத்துச் சொல்லு. வர வேணாம்னு எங்கயும் எழுதலையே?